அடைமழையில் தம்பியின் நாயோடு

தம்பியை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்திருந்தார்கள். கால்சட்டையின் ஒரு பக்கத்தைத் தொடை வரை கத்தரித்து எடுத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். வலியைப் பற்றித்தான் ஏதோ சொல்லப்போகிறான் என்று குனிந்தேன்.

"அக்கா, வீட்டுல அது தனியா இருக்கு. நேத்து ராத்திரி வெளிய போனதுதான். காலையில மழையைப் பாத்துட்டு வாசல்லயே திரும்பிருச்சு. நீ கொஞ்சம் போய்க் கூட்டிட்டுப் போயிட்டு வர்றியா?"

'அது' என்றால் அவனுடைய நாய்.

தம்பி திருமங்கலத்தில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறான். விளாங்குடியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறான். மனைவியைப் பிரிந்த பிறகு அவனும் நாயும் மட்டும்தான். அன்று காலை வேலைக்குப் போகும் வழியில் நாலுவழிச் சாலையில் ஸ்கூட்டர் வழுக்கித் தொடை எலும்பு முறிந்துவிட்டது. மறுநாளைக்கு அடுத்த நாள் காலையில் ஆபரேஷன் என்றார்கள். ஆண்கள் வார்டு என்பதால் என் கணவர் ஆஸ்பத்திரியில் தங்குவதாகச் சொன்னார். நான் ஆசிரியை. மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். ஆகவே நாய் என் பொறுப்பு என்று ஆனது.

எனக்கு நாய் என்றாலே ஆகாது. சின்ன வயதில் ஒரு தெரு நாய் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் அது. கடித்த வலி மறந்துவிட்டது, ஊசி மறக்கவில்லை. இத்தனை வயதுக்குப் பிறகும் தெருவில் ஒரு நாய் எழுந்து நின்றால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். தம்பி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவன் நாயைப் படுக்கையறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டுத்தான் எனக்குக் கதவு திறப்பான். இதெல்லாம் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கிறான் என்றால் வேறு ஆள் இல்லை என்று அர்த்தம். சாவியை வாங்கிக்கொண்டேன். நர்ஸ் அவனுடைய துணிமணிகளை ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தார். அதையும் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

விளாங்குடிக்குள் நுழைந்ததும் ஆட்டோக்காரர் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார். உள்ளே தண்ணீர். சிமெண்டு ரோடு தெரியவில்லை. இரண்டு பக்கமும் மூடியில்லாத சாக்கடை எங்கே ஆரம்பிக்கிறது என்பதும் தெரியவில்லை. நடுவிலேயே கால் வைத்து, செருப்பு கழன்றுவிடாமல் விரல்களை மடக்கிக்கொண்டு நடந்தேன்.

தம்பிக்கு மாடியை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர் கீழ்வீட்டு வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மழைச் சத்தத்துக்கு மேலே அவர் குரல் கேட்டது.

"தம்பிக்கு எப்படிம்மா இருக்கு?"

சொன்னேன். உச்சுக்கொட்டினார். பிறகு மாடிப்படியைப் பார்த்தார். "நாய்க்கு நீங்கதான் வந்திருக்கீகளா? நான் தம்பிட்ட ஏற்கனவே சொல்லிட்டேன். படியிலயோ வாசல்லயோ அசிங்கம் பண்ணுச்சுன்னா அப்புறம் வீட்டைக் காலி பண்ணிரணும்னு. உங்ககிட்டயும் சொல்லி வச்சிர்றேன். நாளப்பின்ன வருத்தம் இருக்கக் கூடாது பாருங்க."

தலையை ஆட்டிவிட்டு மேலே ஏறினேன். பூட்டில் சாவியை நுழைத்ததும் கதவுக்கு அந்தப் பக்கம் நகங்கள் தரையில் கீறும் சத்தம். என் கை நின்றுவிட்டது. மழை முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கதவைத் தள்ளினேன்.

நாய் குரைக்கவில்லை. எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தது. யாரும் வரவில்லை. என் புடவைக் கரையை முகர்ந்தது, பிளாஸ்டிக் பையை முகர்ந்தது, அதிலேயே மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. நடுத்தர உயரம், கருப்பும் செம்பட்டையும் கலந்த நாட்டு நாய். ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். குட்டியாக இருந்தபோது மழையில் நிரம்பிய ஒரு பள்ளத்திலிருந்து தம்பி அதை எடுத்து வந்தான். அதனால்தானோ என்னவோ, தண்ணீர் என்றால் அதற்கு நடுக்கம். வெயில் நாட்களில் இழுத்துக்கொண்டு ஓடும் நாய், தரையில் ஈரம் பட்டால் நின்றுவிடும் என்று தம்பி சொல்லியிருக்கிறான். வீட்டுக்குள்ளே ஒருபோதும் சிறுநீர் கழிக்காது. அதில் அவனுக்குப் பெருமை.

கழுத்துப் பட்டையில் நைலான் கயிற்றின் கொக்கியை மாட்டவே எனக்கு வெகுநேரம் ஆனது. ஒவ்வொரு தடவையும் அது தலையைத் திருப்ப, நான் கையை இழுத்துக்கொள்வேன். கடைசியில் மாட்டினேன். படியிறங்கி வந்தோம். குடையை விரித்தேன்.

அந்த 'டப்' சத்தத்தில் நாய் துள்ளிப் பின்னால் பாய்ந்தது. கயிறு என் இரண்டு கால்களையும் சுற்றிக்கொண்டது. குடை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். படியின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்திராவிட்டால் தம்பிக்குப் பக்கத்துப் படுக்கையில் நானும் படுத்திருப்பேன். நாய் மேலே ஓடிக் கதவில் முதுகை ஒட்டி நின்று நடுங்கியது.

சாயங்காலம் மறுபடி முயன்றேன், குடையில்லாமல். கடைசிப் படி வரை வந்தது. தெருத் தண்ணீரைப் பார்த்தது. உட்கார்ந்துவிட்டது. இழுத்தால் பட்டை கழுத்தில் ஏறி இருமியது. நான் நனைந்ததுதான் மிச்சம்.

தம்பி போன் செய்தான். "போச்சா?"

"இல்லடா. நான் எம்புட்டோ கெஞ்சிட்டேன்."

"தமிழ்லயா கெஞ்சுன?"

"வேற எதுல?"

"நம்ம பாஷையில பேசு. அதுக்கு அதுதான் புரியும்."

நாங்கள் சௌராஷ்டிரக் குடும்பம். தம்பியும் நானும் பேசிக்கொள்வதும் அந்தப் பாஷையில்தான், இங்கே தமிழில் எழுதுகிறேன். நாயிடம் மட்டும் நான் அன்னியரிடம் பேசுவதுபோல் தமிழில் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அவன் சொல்லித்தான் உறைத்தது. வீட்டுப் பாஷையில் 'வா' என்றேன். மடியாத காது நிமிர்ந்தது. எழுந்து வந்து என் பாதத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. ஆனால் வெளியே மட்டும் வரவில்லை.

இரவு அங்கேயே தங்கினேன். மறுநாள் காலையிலும் மழை விடவில்லை. தண்ணீர் இன்னும் ஒரு விரற்கடை ஏறியிருந்தது. நாய் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது. சுவரோரம் போகும், நிற்கும், பின்னங்கால்களை அகட்டும், என்னைப் பார்க்கும், மறுபடி நடக்கும். நான் கோபிக்க மாட்டேன் என்று அதற்கு எப்படிச் சொல்வது? குளியலறையில் பழைய செய்தித்தாளை விரித்து உள்ளே கூட்டிப் போனேன். தாளின் மேல் நின்றது, முனகியது, வெளியே வந்துவிட்டது. 'இங்கேயே போ, பரவாயில்லை' என்று எங்கள் பாஷையில் எத்தனையோ முறை சொன்னேன். தம்பி பழக்கியது அப்படி. அதை மாற்ற என்னால் முடியவில்லை.

எங்கள் கே.கே. நகர் பக்கம் ஒரு கால்நடை மருத்துவர் இருக்கிறார். தம்பியிடம் நம்பர் வாங்கி அவருக்குப் போன் செய்தேன்.

"எப்ப கடைசியா போச்சு?" என்றார். சொன்னேன். "இது ரொம்ப நேரம்மா. அடிவயிறு கல்லு மாதிரி இருக்கா பாருங்க."

தொட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார். நாய் படுத்திருந்தது. கையை நீட்டினேன். பல் தெரிகிறதா என்று அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு, விரல் நுனியால் வயிற்றைத் தொட்டேன். இறுகிப் போயிருந்தது. நாய் மெல்லத் தலையைத் தூக்கி என் கையை ஒருமுறை நக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"இறுக்கமா இருக்கு டாக்டர்."

"எப்படியாவது வெளிய கூட்டிட்டுப் போங்க. சாயங்காலத்துக்குள்ள போகலைன்னா தூக்கிட்டு வந்துருங்க. ட்யூப் போட்டு எடுக்கணும்."

அன்று மத்தியானம் முழுவதும் ஜன்னலோரம் நின்று மழை ஓயுமா என்று பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து என் கணவர் பேசினார். தம்பிக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, குறைந்தால்தான் ஆபரேஷன், அவன் நாயைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறான் என்றார். "போயிருச்சுன்னு சொல்லிரு" என்றேன். அவர் அப்படியே சொன்னார். பின்னாலிருந்து தம்பி ஏதோ சந்தோஷமாகச் சொல்வது கேட்டது. நான் போனை வைத்துவிட்டேன்.

மாலை ஆன பிறகும் என் புடவையில் ஈரம் போகவில்லை. மழைக்கு மேலே போட்டுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று தேடியபோதுதான் ஆஸ்பத்திரிப் பை கண்ணில் பட்டது. அதன் முடிச்சை நான் அதுவரை அவிழ்க்கவில்லை. அவிழ்த்தேன். மேலாகவே தம்பியின் மழைக்கோட்டு. தொடைப் பக்கம் ரோட்டில் உரசிக் கிழிந்திருந்தது. கிழிசலைச் சுற்றிப் பழுப்பாக ஒரு கறை. ஒரு கணம் அதை மறுபடி பைக்குள் திணித்துவிடத் தோன்றியது. வேறு வழியில்லாமல் போட்டுக்கொண்டேன். கைகளுக்கு நீளம் அதிகம். தம்பி தேய்க்கும் தைல வாசனையும் பெட்ரோல் வாசனையும் அடித்தன.

நாய் எழுந்து வந்தது. கோட்டின் கீழ்விளிம்பிலிருந்து மூக்கை வைத்து முகர்ந்துகொண்டே மேலே வந்தது. கிழிசலுக்கு வந்ததும் நின்றது. அங்கேயே வெகுநேரம் முகர்ந்தது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகையும் இல்லை, உறுமலும் இல்லை. பிறகு அதுவாகவே கதவுக்குப் போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது.

நான் கொக்கியை மாட்டினேன். இந்தத் தடவை கையை இழுத்துக்கொள்ளவில்லை. படியில் முதலில் அது இறங்கியது. கடைசிப் படியில் நின்றது. நான் தண்ணீரில் இறங்கி நின்று வீட்டுப் பாஷையில் கூப்பிட்டேன். ஒரு காலை வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. இறங்கிவிட்டது.

வீட்டுக்காரர் வராந்தாவில்தான் இருந்தார். நாயை வாசலில் நிறுத்துகிறேனா என்று பார்க்க எழுந்து வந்து இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் ஏதாவது சொல்வதற்குள் தாண்டிவிட வேண்டும் என்று நான் வேகமாக நடந்தேன். தெரு முனையில் ஒரு காலிமனை இருக்கிறது, சற்று மேடு. அங்கேதான் தம்பி வழக்கமாக அதை விடுவான். அதுவரை போய்விட்டால் போதும். நாய் என்னோடு ஒட்டியே வந்தது. மழைத் துளி மூக்கில் விழும்போதெல்லாம் தலையை உதறியது. கணுக்கால் வரை தண்ணீர். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

காலிமனைக்கு முன்னால் ஒரு தெருவிளக்குக் கம்பம். வயர்கள் சேரும் அதன் அடிப்பெட்டியின் மூடி எப்போதோ போயிருந்தது. அதை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கவனித்திருக்க மாட்டேன். மேட்டைக் கண்டதும் நாய் வேகமெடுத்துக் கயிற்றின் நீளத்துக்கு முன்னால் ஓடியது.

கத்தியது. அப்படி ஒரு சத்தத்தை நான் எந்த நாயிடமும் கேட்டதில்லை. அப்படியே பக்கவாட்டில் விழுந்து கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. என் உள்ளங்கையில் சுருக்கென்று ஏதோ ஏறி முழங்கை வரை வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாம்போ, பள்ளமோ என்றுதான் நினைத்தேன். அதைத் தூக்க ஓடினேன்.

"தொடாதீங்கம்மா! கரெண்டு! கரெண்டு! கயித்த விடுங்க! பின்னால வாங்க!"

பஸ்ஸின் பின்படியிலிருந்து முன்படி வரை கேட்டுப் பழகிய குரல் மட்டும் இல்லையென்றால் இதை நான் இன்று எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கை தானாகக் கயிற்றை விட்டது. கால் நின்ற இடத்திலேயே நின்றது. நாய்க்கும் எனக்கும் இடையில் இரண்டு எட்டு இருக்கும். அதன் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்தேன். போ போ என்று உடம்பு முன்னால் தள்ள, பின்னால் நகர்வது எத்தனை கடினம் என்று அன்றுதான் தெரிந்தது.

வீட்டுக்காரர் துணி காயப்போடும் மூங்கில் கொம்பை வராந்தாவிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். ஓடிக்கொண்டே வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏய், ஈ.பி.க்குப் போன் போடு! கரெண்ட நிறுத்தச் சொல்லு!" என்று கத்தினார். காலிமனைக்குப் பக்கத்தில் பாதி கட்டி விட்ட ஒரு வீடு. அதன் அடித்தளம் தண்ணீருக்கு மேலே இருந்தது. சுற்றிக்கொண்டு போய் அதன் மேல் ஏறினார். கொம்பின் கவட்டையைத் தண்ணீரில் மிதந்த கயிற்றில் மாட்டிச் சுற்றினார். முதல் தடவை நழுவியது. "அடச்சீ" என்றார். இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டது. முக்கி இழுத்தார். நாய் ஒரு மூட்டைபோல் நகர்ந்து வந்து செங்கல்லில் முட்டியது.

"இப்ப வாங்க. இந்தப் பக்கமா, சுத்தி வாங்க. அந்தப் பக்கம் போயிறாதீங்க. போன மழைக்கு அடுத்த தெருவுல ஒரு பசு மாடு இப்படித்தான் போச்சு."

இரண்டு பேருமாகத் தூக்கினோம். நான் ஒரு நாயைத் தூக்கியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கழுத்து தொங்கியது. நாக்கு வெளியே வந்து நீலம் பாரித்திருந்தது. எப்படி வீடு வந்து சேர்ந்தோம் என்று நினைவில்லை. வீட்டுக்காரருடைய வாசல்படியில் கிடத்தினோம். மூச்சு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. நான் அதன் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்துத் தேய்த்தேன், அழுத்தினேன், மறுபடி தேய்த்தேன். எங்கள் பாஷையில் என்னென்னவோ சொன்னேன். வீட்டுக்காரர் தோள்துண்டால் அதன் மூக்கையும் வாயையும் துடைத்துவிட்டார்.

"முடிஞ்சிருச்சு போலயேம்மா" என்றார் மெதுவாக.

நான் கேட்காததுபோல் தேய்த்துக்கொண்டிருந்தேன். நாய் ஒரு முறை பெரிதாக இழுத்தது. இருமியது. வாயிலிருந்து நுரையும் தண்ணீரும் வந்தன. அடுத்த மூச்சு வந்தது. அதற்கடுத்தது வந்தது. பிறகு, இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் படியில் ஓட ஆரம்பித்தது. ஓடிக்கொண்டே இருந்தது. மேல்படியிலிருந்து கீழ்படிக்கு, கீழ்படியிலிருந்து கோலம் போடும் இடத்துக்கு.

நான் வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் படியைப் பார்த்தார், நாயைப் பார்த்தார்.

"போகட்டும் விடுங்க" என்றார். "இம்புட்டையும் வச்சுக்கிட்டா இருந்துச்சு."

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

ஆட்டோ ஏதும் தெருவுக்குள் வராது. அவரே தன் வீட்டுக் கோணிப் பையில் நாயைச் சுற்றித் திண்டுக்கல் ரோடு வரைக்கும் தூக்கி வந்தார். நின்ற முதல் ஆட்டோக்காரர் நாயைப் பார்த்ததும் மாட்டேன் என்றார். "ஏ மாப்ள, உயிரு போற நேரம், சீட்டா முக்கியம்?" என்று வீட்டுக்காரர் ஒரு அதட்டல் போட்டார். ஆட்டோக்காரர் ஏற்றிக்கொண்டார்.

கே.கே. நகரில் மருத்துவர் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். முன்னங்கால் ஒன்றில் பாதச்சதை கருகியிருந்தது. ஒரு நகம் பெயர்ந்திருந்தது. கட்டுப் போட்டார், ஊசி போட்டார். நான் பெருமூச்சு விடுவதைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

"இப்பவே நிம்மதி வேண்டாம்மா. ஷாக் அடிச்ச நாய்க்கு நுரையீரல்ல பிறகு நீர் கோக்கலாம். நாளைக்குப் பூராவும் மூச்சைப் பாத்துக்கிட்டே இருங்க. வாயைத் திறந்து இரைச்சுச்சுன்னா உடனே கொண்டாந்துருங்க. கட்டு ஈரமாகக் கூடாது."

விளாங்குடிக்குத் திரும்பப் பயமாக இருந்தது. மருத்துவருக்குப் பக்கம் என்று என் வீட்டுக்கே கொண்டு போனேன். நாய் நுழையக் கூடாது என்று நானே சட்டம் போட்டிருந்த வீடு. ஹாலில் பழைய போர்வையை விரித்துப் படுக்க வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். விலா ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மின்விசிறிச் சத்தத்தில் மூச்சுச் சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று அதையும் நிறுத்தினேன்.

தம்பி போன் செய்தான். "அக்கா, நாளைக்குக் காலையில ஆபரேஷன். போனைக் கொஞ்சம் அது காதுல வையேன்."

வைத்தேன். அவன் குரல் கேட்டதும் நாய் தலையைத் தூக்கப் பார்த்தது. முடியவில்லை. வாலின் நுனி மட்டும் தரையைத் தட்டியது. "என்ன, சத்தத்தையே காணோம்?" என்றான். "சாப்பிட்டுட்டுத் தூங்குதுடா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. ரத்த அழுத்தம் குறைந்திருப்பதாக என் கணவர் சொல்லியிருந்தார். அதை மறுபடி ஏற்றும் தைரியம் எனக்கு இல்லை.

விடிந்ததும் மூச்சு சற்று வேகமாக இருப்பதுபோல் பட்டது. மருத்துவரைக் கூப்பிட்டேன். வாய் மூடியிருக்கிறதா என்றார். மூடியிருக்கிறது. ஈறு சிவப்பாக இருக்கிறதா என்றார். உதட்டைத் தூக்கிப் பல்லுக்கு மேலே பார்த்தேன். இரண்டு நாளைக்கு முன்னால் அது தலையைத் திருப்பினாலே கையை இழுத்துக்கொண்டவள் நான். சிவப்பாக இருந்தது. "அப்ப சரி. பாத்துக்கிட்டே இருங்க" என்றார்.

அந்த நேரம் தம்பியை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். இங்கே இது, அங்கே அவன். எதற்காக வேண்டிக்கொள்வது என்றே குழப்பமாக இருந்தது. இரண்டையும் சேர்த்தே வேண்டிக்கொண்டேன்.

நடுவில் நாய் எழுந்து நின்றது. மூன்று காலில் நொண்டிக்கொண்டு வாசல் கதவுக்குப் போய் நின்றது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. திறந்தேன். ஈர ரோட்டைப் பார்த்ததும் உடம்பு முழுக்க நடுங்கியது. முன்பைவிடப் பயம் கூடியிருக்கத்தானே செய்யும். எனக்கும்தான். ரோட்டோரக் கம்பங்களை எல்லாம் என் கண் ஒவ்வொன்றாகத் தேடியது.

பால் கவர் ஒன்றைக் கழுவித் துடைத்துக் கட்டின் மேல் மாட்டி, இறுகாமல் துணி நாடாவால் கட்டினேன். நாயைத் தூக்கிக்கொண்டேன். கனம் இடுப்பை ஒடித்தது. பக்கத்து அடுக்குமாடி வீட்டில் கீழ்த்தளம் முழுக்கக் கார் நிறுத்துமிடம். மேலே கூரை, தரை காய்ந்திருக்கும். காவலாளியிடம், "அண்ணே, ஒரு நிமிஷம், உடம்பு சரியில்லாத நாய். நானே கழுவிவிட்டுட்டுப் போறேன்" என்றேன். அவர் பால் கவர் மாட்டிய காலைப் பார்த்துவிட்டு, "அந்தத் தூண் பக்கமா விடுங்கக்கா, அங்கன யாரும் வர மாட்டாக" என்றார்.

இறக்கி விட்டேன். தூணைச் சுற்றி முகர்ந்தது. நின்றது. என்னைப் பார்த்தது. போயிற்று.

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. என் கணவர். "நல்லபடியா முடிஞ்சிருச்சு. கம்பி வச்சிருக்காங்களாம். கண்ணு முழிச்சிட்டான்."

அங்கேயே ஒரு காரில் சாய்ந்துகொண்டேன்.

தம்பி வார்டுக்குத் திரும்பிக் கஞ்சி குடிக்க ஆரம்பித்த பிறகுதான் நடந்ததைச் சொன்னேன். கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன்.

"நீ கயித்தை உடனே விட்டுட்டியா?" என்றான்.

"அவர் கத்துன பிறகு விட்டேன்."

"அதுக்கு முன்னாடியே விட்டிருக்கணும்" என்றான். "உனக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் யார் முகத்துல முழிக்கிறது?" பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. நான் கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாயின் நுரையீரலில் நீர் கோக்கவில்லை. பாதம் ஆற நாளாயிற்று. அந்த நகம் திரும்ப முளைக்கவில்லை. கார்த்திகை பாதி வரை மழை விட்டு விட்டுப் பெய்தது, தினமும் இரண்டு வேளை நான்தான் அதைக் கூட்டிப் போனேன். மழையில் நாயோடு நடப்பதற்கென்று எனக்குள் ஒரு வழக்கம் உருவானது. குடை கிடையாது. நனையப் போகிறோம் என்று ஒத்துக்கொண்டால் பாதி அவசரம் போய்விடுகிறது. தேங்கிய தண்ணீரில் இறங்குவதில்லை, கால் தெரியாத இடத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை இல்லை. கம்பம், கேபிள் பெட்டி, இரும்பு கேட் எதற்கும் பக்கத்தில் போவதில்லை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வதில்லை. சீக்கிரம் போய்ச் சீக்கிரம் திரும்புவோம். வந்ததும் பழைய துண்டால் முதலில் வயிறு, பிறகு விரல் இடுக்குகள், கடைசியில் மடிந்த காதின் உள்பக்கம். காதைத் துடைக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்ளும். நடுக்கம் ஒரேயடியாகப் போகவில்லை. ஒரு நாள் ஐந்து வீடு தாண்டும், மறுநாள் வாசலிலேயே திரும்பும். திரும்பினால் கார் நிறுத்துமிடத்துக்குப் போவோம்.

தம்பி வாக்கரோடு விளாங்குடிக்குத் திரும்பியபோது நாங்களும் போனோம். கம்பத்தின் அடிப்பெட்டிக்குப் புது மூடி போட்டுப் பூட்டியிருந்தார்கள். வீட்டுக்காரர் ஈ.பி. ஆபீசுக்கு நடையாய் நடந்து தகராறு செய்தாராம். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "அதெல்லாம் இருக்கட்டும்மா. தம்பிட்ட சொல்லுங்க, அன்னிக்கு மட்டும்தான் விட்டேன். இனிமே படியில போச்சுன்னா பேச்சே கிடையாது" என்றார். சொல்லிவிட்டு நாயின் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். "ஆறிருச்சே" என்றார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை, தூறல். தம்பி முதன்முறையாகப் படியிறங்கினான். ஒவ்வொரு படியிலும் நின்று, கைப்பிடியைப் பிடித்து, முகம் வெளுத்து. கீழே வந்ததும் கயிற்றுக்குக் கை நீட்டினான்.

"கொடு. நான் கொஞ்ச தூரம் கூட்டிட்டுப் போறேன்."

"இழுத்துச்சுன்னா விழுந்துருவ."

"என் நாயா என்னை இழுக்கும்?"

"இருக்கட்டும். இன்னிக்கு நில்லு."

வீட்டுக்காரர் தன் நாற்காலியை வராந்தா ஓரத்துக்கு இழுத்துப் போட்டார். தம்பி உட்கார்ந்தான். நானும் நாயும் தெருவில் இறங்கினோம். நாலு எட்டுக்கு ஒரு தடவை அது நின்று அவனைத் திரும்பிப் பார்த்தது. நானும் நின்றேன், அவசரப்படுத்தவில்லை. காலிமனை மேட்டில் ஏறியது. ஈரப் புல்லை முகர்ந்தது. நிதானமாகக் காரியத்தை முடித்தது. தூறல் வலுக்க ஆரம்பித்தது.

"போதும், வாங்க ரெண்டு பேரும்" என்று தம்பி கத்தினான். "நனையுது பாரு."